கேளுங்க சொல்றேன்: சுரங்கம் வேணாம், மலை மேல போங்க

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல வியட்நாம், அதுலயும் முக்கால்வாசி டா நாங். ஒண்ணொண்ணா பிரிச்சு நாலு இதழுக்கு இழுக்குறதுக்கு பதிலா ஒரே மூச்சுல முடிச்சுடலாம்னு உட்கார்ந்துட்டேன். முன்கூட்டியே சொல்லிடுறேன், நான் அங்க போனது ரெண்டே தடவை தான், ஒரு தடவை பேக்கேஜ்ல, இன்னொரு தடவை நானும் வீட்டுக்காரரும் சொந்தமா பிளான் பண்ணி. முதல் தடவை ஏமாந்தேன். அந்த எரிச்சல் பதில்ல அங்கங்க தெரிஞ்சா கண்டுக்காதீங்க.

*அக்கா, நாங்க அஞ்சு பேர், அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு பசங்க. ஏஜென்ட் டா நாங்ல நாலு நைட் போட்டு, ஒரு நாள் பா நா மலை, ஒரு நாள் ஹோய் ஆன், ஒரு நாள் "ஹுவே டே டிரிப்"னு கொடுத்திருக்காரு. இந்த ஹுவே அவசியமா? பசங்க பீச்லயே இருக்கலாம்னு சொல்றாங்க.* – வாசகர், கோயம்புத்தூர்

எனக்கும் இதே லிஸ்ட் தாங்க கொடுத்தாங்க, எழுத்து மாறாம. காலையில எட்டு மணிக்கு வேன் ஏறி, தூங்கி, எந்திரிச்சா ஹுவே. கோட்டையில ரெண்டு மணி நேரம், ஒரு ராஜா சமாதி, சாப்பாடு, மறுபடி வேன், மறுபடி தூக்கம். ஊருக்கு வந்து போட்டோவை பார்க்கும்போது தான் உறைச்சுது, போகும்போதும் வரும்போதும் ஹாய் வான் சுரங்கம் வழியாவே கூட்டிட்டு போயிருக்காங்க. 6.28 கிலோமீட்டர் இருட்டு. அதுக்கு மேல இருக்குற மலையில தான் அந்த கடற்கரையிலயே அழகான 21 கிலோமீட்டர் ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது, நான் அதுக்கு அடியில வாய தொறந்து தூங்கிட்டு போயிருக்கேன். டிரைவரை குத்தம் சொல்ல முடியாது, 2005-ல சுரங்கம் திறந்ததிலேருந்து அவசரக்காரங்க எல்லாரும் அதுல தான் போறாங்க, டைமும் மிச்சம் டீசலும் மிச்சம். ஆனா சுத்திப் பார்க்க வந்தவங்களுக்கு எதுக்குங்க டைம் மிச்சம்?

அதனால ஹுவே அவசியமான்னு கேட்டா, டே டிரிப்பா அவசியமே இல்ல. தங்குறதா இருந்தா கண்டிப்பா போங்க. நாலு நைட்ல ரெண்டை ஹுவேக்கு மாத்துங்க. முடிஞ்சா ஃபிளைட்டையே ஹுவே பக்கத்துல இருக்குற ஃபூ பாய் ஏர்போர்ட்டுக்கு போடுங்க, ஹனோய்லருந்தும் சைகான்லருந்தும் (இப்ப ஹோ சி மின் நகரம்) உள்நாட்டு ஃபிளைட் இருக்கு, அங்க இறங்கி, ஊர் பார்த்து, அப்புறம் கடலோரமா மெதுவா தெற்க இறங்கி டா நாங்ல முடிங்க. போன வழியிலயே திரும்பி வர்ற தொல்லை கிடையாது.

ஹுவேன்னா என்னன்னு பசங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, 1802-லருந்து 1945 வரைக்கும் வியட்நாமுக்கே தலைநகரம், ஙுயென் வம்சம் 13 ராஜா. கோட்டை சுத்தளவு மட்டும் சுமாரா 10 கிலோமீட்டர், உள்ள ஊரே இருக்கு, வீடு கடை ஸ்கூல் எல்லாம், அதுக்கு உள்ள இன்னொரு மதில், அதுக்கும் உள்ள ராஜா மட்டும் இருந்த மூணாவது மதில். 1968-ல, வியட்நாம் போரோட டெட் (அவங்க புத்தாண்டு) தாக்குதல்ல கிட்டத்தட்ட ஒரு மாசம் இதுக்குள்ளயே சண்டை நடந்து பாதி அரண்மனை தரைமட்டம். 1993-ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்த்த பிறகு ஒண்ணொண்ணா எழுப்பிட்டு இருக்காங்க, கியென் ட்ருங் அரண்மனையும் சிம்மாசன மண்டபமும் 2024-ல தான் திரும்ப திறந்தாங்க, அதுக்கு முன்னாடி போயிட்டு வந்தவங்க "அங்க வெறும் புல்தரை தான்"னு சொன்னா நம்பாதீங்க.

அம்மாவுக்கு கோட்டையில நடை ஜாஸ்தி, வெயிலும் ஜாஸ்தி, அதனால காலையில ஏழரைக்கே உள்ள போயிடுங்க. சாயங்காலம் நறுமண ஆத்துல படகு, தியென் மு பகோடா (புத்தர் கோயில்) வரைக்கும், அது அவங்களுக்கு நிச்சயம் பிடிக்கும், ஏழு நிலை கோபுரம் ஆத்தை பார்த்து நிக்குது. பின்னாடி ஒரு ஷெட்ல பழைய நீலக்கலர் ஆஸ்டின் கார் ஒண்ணு நிக்கும், 1963-ல சைகான்ல தன்னைத்தானே எரிச்சுக்கிட்ட துறவி அன்னைக்கு வந்து இறங்கின கார் அது தான். பசங்களுக்கு கதை சொல்றதா வேணாமாங்குறது உங்க இஷ்டம்.

பா நா மலை? கல்லால செஞ்ச மாதிரி ரெண்டு பெரிய கை தூக்கிப் பிடிக்குற அந்த தங்கப் பாலம், 2018-ல கட்டினது, கல்லே இல்ல, ஃபைபர்கிளாஸ். பசங்க இருக்காங்க, போகாம விட மாட்டாங்க, போயிட்டு வாங்க. எனக்கு அங்க நினைவு இருக்குறது கியூ மட்டும் தான்.

*காலேஜ் ஃபிரண்ட்ஸ் ஆறு பேர், ஹாய் வான் பாஸ்ல பைக் ஓட்டணும்னு ரெண்டு வருஷ கனவு. ஹுவேல எடுத்து டா நாங்ல விடலாமாம், லைசென்ஸ்லாம் யாரும் கேக்க மாட்டாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க. நிஜமா?* – வாசகர், மதுரை

ஒரு ஊர்ல எடுத்து இன்னொரு ஊர்ல விடுறது நிஜம் தம்பி, பைக்ல நீங்க வருவீங்க, உங்க பேக்கை அவங்களே தனியா கொண்டு வந்து கொடுத்துடுவாங்க, நல்ல வசதி. லைசென்ஸ் விஷயம் தான் வில்லங்கம். நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல கொடுக்குற இன்டர்நேஷனல் பெர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்குறது, வியட்நாம் ஏத்துக்கிறது 1968 வியன்னா ஒப்பந்தப்படி இருக்குறதை. ரெண்டும் வேற வேற. கடைக்காரன் கேக்க மாட்டான், அவனுக்கு வாடகை வந்தா போதும். போலீஸ் நிறுத்தினா அபராதம், அது கூட பரவால்ல, விழுந்து கால் ஒடைஞ்சா டிராவல் இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குற பேப்பர் செல்லுபடியாகுற லைசென்ஸ் தான், அது இல்லன்னா ஆஸ்பத்திரி பில்லு முழுக்க உங்க வீட்டு தலையில.

இன்னொண்ணு, சுரங்கம் வந்ததால மலை ரோடு காலின்னு நினைக்காதீங்க. பெட்ரோல் டேங்கர் லாரியை சுரங்கத்துக்குள்ள விட மாட்டாங்க, அதெல்லாம் மேல தான் வரும், கொண்டை ஊசி வளைவுல எதிர்ல வர்ற டேங்கருக்கு வழி விடுறது கொல்லிமலை ஏறி பழகினவனுக்கே பதட்டம். மழை பேஞ்சா ரோடு வழுக்கும்.

அதுக்காக கனவை விட வேணாம். பின்னாடி உட்கார வெச்சு கூட்டிட்டு போற உள்ளூர் ரைடருங்க இருக்காங்க, "ஈஸி ரைடர்"னு கேளுங்க, ஆளுக்கு ஒரு வண்டி, ஓட்டுறது அவங்க, வேடிக்கை பார்க்குறது நீங்க. சொல்லப்போனா அது தான் பெட்டர், ஓட்டுறவன் கண்ணு ரோட்டுல இருக்கணும், கடல் பின்னாடி இருக்குறவனுக்கு தான். ஆறு பேர்ங்குறதால ரெண்டு திறந்த ஜீப் எடுத்தாலும் கணக்கு ஒத்து வரும்.

*டிரெய்னா காரா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.* – வாசகி, சேலம்

டிரெய்ன். (ஒரே வார்த்தை தான் கேட்டீங்க, ஆனா மனசு கேக்கல.) ரோடு மலை உச்சிக்கு ஏறுது, தண்டவாளம் ஏறாது, மலையோட இடுப்பை சுத்திக்கிட்டு கடல் பக்கமாவே போகும், கீழ எட்டிப் பார்த்தா பாறை, பாறையில அலை, ரோடே இல்லாத குட்டி குட்டி பீச். ஊட்டி டிரெய்ன்ல போற மாதிரி மெதுவா தான் போகும், சின்ன சின்ன குகை வரும், இருட்டாகும், வெளிச்சம் வரும்போது இன்னொரு வளைகுடா. ஹுவேலருந்து டா நாங் சுமாரா 100 கிலோமீட்டருக்கு ரெண்டரைலருந்து மூணு மணி நேரம், அழகெல்லாம் லாங் கோங்குற கடற்கரை ஊரைத் தாண்டின பிறகு கடைசி ஒரு மணி நேரத்துல. 2024 மார்ச்லருந்து இந்த ரெண்டு ஊருக்கு நடுவுல மட்டும் ஓடுற பாரம்பரிய டிரெய்ன்னு ஒண்ணு விட்டிருக்காங்க, லாங் கோ ஸ்டேஷன்ல பத்து நிமிஷம் நிறுத்தி போட்டோ எடுக்க விடுவாங்க. ஆரம்பிச்சப்ப டிக்கெட் 1,50,000 டோங், நம்ம காசுக்கு 500 ரூபா பக்கம்.

ஹுவேலருந்து வர்றீங்கன்னா இடது பக்க ஜன்னல். டா நாங்லருந்து போறீங்கன்னா வலது பக்கம். இதை மட்டும் மறந்தீங்கன்னா மூணு மணி நேரம் பாறைய பார்த்துட்டு வருவீங்க.

*ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன். இரண்டு ஐயம். ஒன்று, கடலில் நேரடித் துறைமுகம் கூட இல்லாத ஹுவேயை ஏன் தலைநகராக வைத்தார்கள்? இரண்டு, அந்தக் கடற்கரையில் உள்ள சாம் கோயில்கள் பல்லவர் கட்டியவை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது, உண்மையா?* – வாசகர், கும்பகோணம்

சார், உங்களுக்கு பதில் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குது, தப்பு இருந்தா சிவப்பு இங்க்ல திருத்தி அனுப்புங்க.

முதல் ஐயம். துறைமுகம் இல்லாதது தான் சார் அவங்களுக்கு வசதி. ஙுயென் பிரபுக்கள் 1558-லருந்தே அந்த பக்கம் இருந்து தெற்கை ஆண்டவங்க, அது அவங்க சொந்த மண்ணு. 1802-ல அந்த வம்சத்து முதல் ராஜா ஜியா லாங் நாட்டை ஒண்ணா சேர்த்தப்ப நீளமான நாட்டுக்கு நட்ட நடுவுல இருந்ததும் அந்த ஊரு தான். பாதுகாப்பும் நல்லா அமைஞ்சுது. மேற்க மலை, தெற்க ஹாய் வான் மலை கடல் வரைக்கும் வந்து கதவு மாதிரி நிக்குது, கிழக்க கடலுக்கும் ஊருக்கும் நடுவுல தாம் ஜியாங் காயல், கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் நீளத்துக்கு உப்பங்கழியும் மணல் திட்டும். நம்ம பழவேற்காடு ஏரியை நீளமா இழுத்து விட்ட மாதிரி நினைச்சுக்கோங்க. கப்பல் உள்ள வரணும்னா துவான் ஆன் முகத்துவாரம் வழியா தான் வரணும், அங்க கோட்டை.

அப்படி பார்த்து பார்த்து வெச்சதும் அந்த கடற்கரை வழியா தான் போச்சு. 1858-ல பிரெஞ்சு, ஸ்பெயின் கப்பல் டா நாங்கை அடிச்சுது, மலையை தாண்டி ஹுவேக்கு வர முடியல. 1883 ஆகஸ்ட்ல நேரா துவான் ஆனுக்கே வந்து பீரங்கியால கோட்டையை நொறுக்கினாங்க, அந்த மாசமே ராஜாங்கம் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு பிரெஞ்சு பாதுகாப்புல போயிடுச்சு. இன்னைக்கு துவான் ஆன் ஹுவே ஜனங்க ஞாயித்துக்கிழமை குளிக்கப்போற பீச். அதே மாதிரி 1965 மார்ச் 8-ம் தேதி அமெரிக்க மரைன் படை வந்து இறங்கினது ஹாய் வான் மலைக்கு தெற்கடி, டா நாங் வளைகுடா மணல்ல. டிரெய்ன் மலையை விட்டு இறங்கும்போது இடது பக்கம் அந்த மணல் தெரியும்.

ஹாய் வான் உச்சியில ஒரு செங்கல் வாசல் இருக்கு சார், 1826-ல மின் மாங் ராஜா கட்டினது. தெற்கு முகத்துல "வானத்துக்கு கீழ இருக்குற வீரமான கணவாயில முதலாவது"ங்குற அர்த்தத்துல எழுதி வெச்சிருக்காங்க. பக்கத்துலயே பிரெஞ்சுக்காரனும் அமெரிக்காக்காரனும் விட்டுட்டுப் போன கான்கிரீட் பங்கர். ராஜா கட்டின வாசலும் அந்நியன் கட்டின பங்கரும் ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது, ரொம்ப நாள் பாழடைஞ்சு கிடந்ததை புதுப்பிச்சு 2024-ல திறந்து விட்டிருக்காங்க.

ரெண்டாவது ஐயம். பல்லவர் கட்டல சார். சாம்ங்குறது அந்த கடற்கரையை முன்னாடி ஆண்ட இனம், அவங்க ராஜாக்கள் கட்டினது, சாம் கொத்தனார்கள் செங்கல்ல எழுப்பினது. டா நாங் பக்கம் இருக்குற மி சோன் கோயில் தொகுதியில நாலாம் நூற்றாண்டு கடைசியில பத்ரவர்மன்ங்குற ராஜா தன் பேரையும் சேர்த்து பத்ரேஸ்வரர்னு சிவனை நிறுவினான், அங்க கிடைச்ச கல்வெட்டு சமஸ்கிருதத்துலயும் பழைய சாம் மொழியிலயும் இருக்கு. எழுத்து தென்னிந்திய பிராமி வழி வந்தது, பல்லவ எழுத்துக்கு சொந்தக்கார எழுத்துன்னு சொல்லலாம், அந்த உறவு நிஜம். ஆனா எழுத்து போச்சுன்னா கட்டினதும் நாமன்னு சொல்றது, பக்கத்து வீட்டுக்காரன் நம்மகிட்ட கோலமாவு வாங்கினதால அவன் வாசல் நம்ம வாசல்னு சொல்ற மாதிரி. அந்த வாட்ஸ்அப் எனக்கும் வந்துச்சு, மூணு பெரியப்பாகிட்டருந்து.

சாம்களோட சோகக்கதை அந்த மலையிலயே தான் சார் ஆரம்பிக்குது. 1306-ல சாம் ராஜா மூணாம் ஜெய சிம்மவர்மன், வியட்நாமியர் சே மான்னு சொல்லுவாங்க, வடக்க தாய் வியட் (அப்ப வியட்நாமியர் நாட்டுக்கு பேர்) அரசரோட தங்கச்சி ஹுயென் த்ரானை கட்டிக்க சீதனமா ஓ, லின்னு ரெண்டு மாவட்டத்தை எழுதிக் கொடுத்தான். மாப்பிள்ளை தர்ற பரிசம். ஹுவே இன்னைக்கு இருக்குற மண்ணு அந்த ரெண்டு மாவட்டத்துல அடக்கம். அடுத்த வருஷமே ராஜா செத்துட்டான், சிதையில ஏத்திடப் போறாங்கன்னு பயந்து வடக்கிலருந்து ஆள் அனுப்பி பொண்ணை கடல் வழியா கூட்டிட்டு போயிட்டாங்கன்னு கதை. பொண்ணு திரும்பிப் போச்சு, மண்ணு திரும்பி வரல. 1471-ல சாம்களோட விஜயா நகரமும் விழுந்துடுச்சு.

டா நாங் ஊருக்குள்ளயே 1919-ல திறந்த சாம் சிற்ப மியூசியம் இருக்கு, மி சோனுக்கு முன்னாடி அதை பாருங்க. மி சோன்ல பெரிய கோபுரம் 1969 குண்டுவீச்சுல போயிடுச்சு, சிற்பத்துல நல்லதெல்லாம் மியூசியத்துல தான். ஆடுற சிவன், புல்லாங்குழல் ஊதுற தவசி, ஒரு விநாயகர், பார்த்தா கைகூப்பாம வர முடியாது. மி சோன்ல நம்ம இந்திய தொல்லியல் துறையும் மூணு தொகுதி கோயிலை சீர் பண்ணிச்சு, அந்த வேலையில 2020-ல ஒரே கல்லுல செஞ்ச லிங்கம் ஒண்ணு மண்ணுக்குள்ளருந்து கிடைச்சுது.

*எந்த மாசம் போறது?* – வாசகர், நாகர்கோவில்

மார்ச்லருந்து ஆகஸ்ட். அக்டோபர், நவம்பர் வேணவே வேணாம். நமக்கு மழை கொடுக்குற அதே வடகிழக்கு காத்து தான் அங்கயும், நம்ம ஐப்பசி அடைமழை மாசம் தான் அவங்களுக்கும் வெள்ள மாசம், அளவு தான் வேற. ஹுவேல வருஷத்துக்கு சென்னையை போல ரெண்டு மடங்கு மழை. 2025 அக்டோபர் கடைசியில ஹுவேயும் ஹோய் ஆனும் தண்ணிக்குள்ள நின்னதை டிவியில பார்த்திருப்பீங்க. ஜூன், ஜூலைல வெயில் மண்டைய பொளக்கும், ஆனா கடல் கண்ணாடி.

ஒரு வேடிக்கை சொல்றேன். ஹுவேல தூறல், குளிரு, ஸ்வெட்டர். மலையை தாண்டி டா நாங்ல இறங்கினா பளீர்னு வெயில். வடக்கிலருந்து வர்ற குளிர் காத்தை அந்த மலை தடுத்து நிறுத்திடுது. "ஹாய் வான்"ங்குற பேருக்கே அர்த்தம் அது தான், ஹாய்னா கடல், வான்னா மேகம். நம்ம பழைய தமிழ்லயும் வான்னா மேகம்னு ஒரு பொருள் இருக்கே, சம்பந்தமே இல்லாம ரெண்டு மொழி ஒரே இடத்துல வந்து நிக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

நாங்க ரெண்டாவது தடவை போனது மார்ச் கடைசி. உச்சிக்கு போனா ஒண்ணுமே தெரியல, வெள்ளை வேட்டி கட்டி விட்ட மாதிரி சுத்தி மேகம். ஜீப்காரர் "போலாமா"ன்னு கேட்டாரு, இவரும் "போலாம்"னுட்டாரு, நான் தான் சுரங்கத்துல ஏமாந்த வைராக்கியத்துல கடையில ஒரு காபியை வாங்கிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு காத்து அடிச்சுது பாருங்க, திரையை இழுத்த மாதிரி வடக்க லாங் கோ மொத்தமா தெரிஞ்சுது, ஒரு பக்கம் பச்சை காயல், ஒரு பக்கம் நீலக்கடல், நடுவுல வில்லு மாதிரி வளைஞ்ச மணல் நாக்கு, அதுல பொம்மை மாதிரி ஊரு. கால் மணி நேரம் தான். மறுபடி மூடிடுச்சு.

*சைவம் மட்டும் தான் சாப்பிடுவோம், பூண்டு வெங்காயம் பரவாயில்ல. பட்டினி கிடக்கணுமாமே?* – வாசகி, மயிலாடுதுறை

டா நாங்ல கொஞ்சம் தேடணும் மாமி, ஹுவேல தேடவே வேணாம். பகோடா நிறைஞ்ச ஊரு, சைவ சமையலுக்கு அந்த நாட்டுலயே பேர் போன ஊரு. கடை போர்டுல "சாய்"னு இருந்தா சைவம் (டீ இல்ல, அதை நினைச்சு உள்ள போய் நான் முழிச்சிருக்கேன்). "தோய் ஆன் சாய்"னு சொன்னீங்கன்னா நான் சைவம்னு அர்த்தம், உச்சரிப்பு சுதப்பும், அதனால போன்ல எழுதி வெச்சு காட்டிடுங்க. சாதாரண கடையில "வெறும் காய் தான்"னு சத்தியம் பண்ணி கொடுத்தாலும் மீன் சாறு, அவங்க நுவோக் மாம்னு சொல்றது, ஊத்தியிருப்பாங்க, அவங்களுக்கு அது உப்பு மாதிரி, அசைவமா தோணாது. அதனால சாய் போர்டு போட்ட கடையிலயே சாப்பிடுங்க.

இன்னொரு சமாச்சாரம். அங்க பௌர்ணமியும் அமாவாசை முடிஞ்ச முதல் நாளும் நிறைய பேர் சைவம். அன்னைக்கு சாய் கடையெல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கும், பண்டம் ரெண்டு மடங்கு. கேலண்டரை பார்த்து பிளான் பண்ணுங்க, அமாவாசை பார்க்க உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. பான் பேயோன்னு குட்டி சாசர்ல ஆவியில வேக வெச்ச அரிசி மாவு பண்டம் வரும், சைவத்துலயும் கிடைக்கும், இட்லிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. உப்பு காபின்னு ஒண்ணு இருக்கு, ஹுவேல தான் பொறந்தது, குடிச்சுப் பாருங்க, திட்டாதீங்க.

*ஈசிஆர் ரோட்டை விட அழகா அக்கா?* – வாசகர், புதுச்சேரி

ஈசிஆர்ல கடல் எங்கங்க தெரியுது? காம்பவுண்ட் சுவர் தான தெரியுது.

*லாங் கோல இறங்கி குளிக்கலாமா? தங்கலாமா?* – வாசகர், தூத்துக்குடி

குளிக்கலாம், ஏப்ரல்லருந்து ஆகஸ்ட் வரைக்கும், ஆழம் மெதுவா தான் இறங்கும். மழைக்காலத்துல சுழல் இருக்கும், வேணாம். தங்க ரெண்டு வகை, ரொம்ப காஸ்ட்லி ரிசார்ட், இல்லன்னா சாதாரண லாட்ஜ், நடுவுல அவ்வளவா இல்ல. ஒரு ராத்திரி போதும். ஊருக்கு பின்னாடி லாப் ஆன் காயல்ல பழைய டயரை தொங்க விட்டு சிப்பி வளர்க்குறாங்க, காலையில தண்ணி வத்தினதும் பொம்பளைங்க இறங்கி அதை உடைச்சு எடுக்குறதை பார்க்கலாம், நீங்க தூத்துக்குடி, முத்து எங்கன்னு கேப்பீங்க, இது திங்குற சிப்பி.

*ஹைவேல போகாம ஹுவேலருந்து நிஜமாவே கடலை ஒட்டி போற வழி ஏதாவது இருக்கா? எங்களுக்கு கூட்டம் ஆகாது, டைம் நிறைய இருக்கு.* – வாசகி, திருச்சி

இந்த கேள்விக்காக தாங்க காத்துட்டு இருந்தேன். இருக்கு. யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அதுல டிக்கெட் கவுன்டர் கிடையாது.

ஹுவேலருந்து கிழக்க துவான் ஆனுக்கு போங்க, 15 கிலோமீட்டருக்குள்ள தான். அங்கருந்து தெற்க திரும்பினா 49பி-ன்னு ஒரு சின்ன ரோடு, ஒரு பக்கம் காயல் இன்னொரு பக்கம் கடல், நடுவுல மணல் திட்டுல ஊர் ஊரா போகும். கார் பேசும்போதே டிரைவர்கிட்ட தெளிவா சொல்லுங்க, இல்லன்னா பாதியில "ஹைவே, ஹைவே"ன்னு ஆரம்பிச்சுடுவாரு. எங்காளு அப்படி தான், கடைசி வரைக்கும் நாங்க வழி தவறிட்டோம்னே நினைச்சுட்டு இருந்தாரு.

முதல்ல ஃபூ தியென். அங்க கடல்லருந்து நூத்து சொச்ச மீட்டர்ல ஒரு சாம் கோயில், சுமாரா எட்டாம் நூற்றாண்டு. 2001-ல டைட்டானியம் மணல் தோண்டும்போது அகப்பட்டுச்சு, நம்ம மணவாளக்குறிச்சி பக்கம் எடுக்குறாங்களே, அந்த மாதிரி கறுப்பு மணல். மணல் மேட்டுக்கு அடியில பல மீட்டர் ஆழத்துல புதைஞ்சு கிடந்த கோயில். இப்ப சுத்தி கண்ணாடி கூண்டு போட்டு வெச்சிருக்காங்க, நாங்க போனப்ப காவலாளியும் ஒரு நாயும் தான், ரெண்டும் தூக்கம். கூரை இல்ல, செங்கல் சுவரும் உள்ள பீடமும் மட்டும். கடல் சத்தம் கண்ணாடி வழியா கேக்கும். ஆயிரம் வருஷத்துக்கு மேல மணலுக்குள்ள இருந்துட்டு திரும்ப அதே அலை சத்தத்தை கேட்டுட்டு நிக்குது. அங்க நான் பேசாம நின்னது ரொம்ப நேரம், இவரே வந்து கைய பிடிச்சு கூட்டிட்டு போனாரு.

அதுக்கு அப்புறம் ஆன் பாங். தூரத்துலருந்து பார்த்தா அரண்மனை ஊரு மாதிரி இருக்கும், டிராகன் தூண், மொசைக் கோபுரம், வளைவு. கிட்ட போனா எல்லாம் சமாதி. அந்த ஊர்லருந்து படகுல ஏறி அமெரிக்கா பக்கம் போனவங்க அனுப்புற காசுல தாத்தா பாட்டிக்கு கட்டினது, ஒருத்தரை விட ஒருத்தர் பெருசா கட்டணும்னு போட்டி. வளைகுடா காசுல நம்ம ஊர்ல எழும்புன வீட்டையெல்லாம் பார்த்தவங்களுக்கு இந்த மனசு நல்லாவே புரியும், என்ன, இங்க உசுரோட இருக்குறவங்களுக்கு கட்டினோம். அமைதியா பாருங்க, சமாதி மேல ஏறி செல்ஃபி எடுக்காதீங்க.

கடைசியில து ஹியென் பாலம், துவான் ஆன் மாதிரி அங்கயும் காயல் கடல்ல கலக்குது, மலை பெருசாகிக்கிட்டே வரும். அங்கருந்து ஹைவேயில ஏறி லாங் கோ, லாங் கோலருந்து ஹாய் வான் மலை, மலை இறங்கினா டா நாங். டா நாங்ல நேரா ஹோட்டலுக்கு போயிடாம சோன் ட்ரா தீபகற்பத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, 67 மீட்டர் உயர வெள்ளை குவான் யின் (பௌத்தர்களோட கருணை தெய்வம்) சிலை இருக்குற மலை அது தான், கால் முட்டிக்கு கீழ சிவப்பு சாக்ஸ் போட்ட மாதிரி ஒரு குரங்கு இனம் இருக்கு, அதிர்ஷ்டம் இருந்தா கண்ணுல படும். எங்களுக்கு படல. அங்கருந்து வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தீங்கன்னா, வந்த மலை மொத்தமா தெரியும், தலையில துண்டு கட்டின மாதிரி மேகத்தோட.

*விசா, ஊர் பேர், காசு, இதெல்லாம் குழப்பமா இருக்கு.* – வாசகர், வேலூர்

இ-விசா, அரசாங்க சைட்லயே போடுங்க, ஒரு தடவை உள்ள போக 25 டாலர், 90 நாள் வரைக்கும் தருவாங்க. அதே மாதிரி பேர் வெச்சுக்கிட்டு மூணு மடங்கு புடுங்குற சைட்டு நிறைய இருக்கு, உஷார். பேர்ல ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோட மாறினாலும் ஏர்போர்ட்ல நிக்க வெப்பாங்க, இனிஷியல் பிரச்சினை நமக்கு தான் ஜாஸ்தி, ரெண்டு தடவை பாருங்க. ஊர் பேர் குழப்பத்துக்கு காரணம், 2025 ஜனவரியில ஹுவே நேரா மத்திய அரசு கீழ வர்ற நகரம் ஆயிடுச்சு, ஜூலையில குவாங் நாம் மாகாணத்தை டா நாங்கோட சேர்த்துட்டாங்க, அதனால மேப்ல ஹோய் ஆன், மி சோன் எல்லாமே டா நாங்னு காட்டும். பயப்படாதீங்க, ஊர் நகரல. காசு, இப்போதைக்கு ஒரு ரூபாய்க்கு 300 டோங் பக்கம், நோட்டுல சைபரை எண்ணி கொடுங்க, 20,000-மும் 5,00,000-மும் ரெண்டுமே நீலம்.

*வாங்கிட்டு வர்ற மாதிரி என்ன இருக்கு? சின்னதா, உடையாததா.* – வாசகி, விருதுநகர்

மே சுங். ஹுவே ஸ்பெஷல், மால்ட் பாகுல வேர்க்கடலை போட்டு எள்ளு புரட்டினது. கோவில்பட்டி கடலைமிட்டாய்ல பல்லு போனவங்களுக்கு இது மெத்துன்னு இருக்கும். ரெண்டு பாக்கெட் வாங்கினேன், ஒண்ணு டிரெய்ன்லயே தீந்துடுச்சு.